ஈயப் பாளமும் தராசும்



1993ஆம் ஆண்டில் ஒரு மாலை, பள்ளி விட்டபின், ஒரு மாணவன் துணிப்பை ஒன்றைச் சுமந்துகொண்டு ஆய்வுக்கூடத்திற்கு வந்தான். பைக்குள் சாம்பல் நிறமான உலோகப் பாளம் ஒன்று இருந்தது. அவன் தந்தையார் கையால் எழுத்துக் கோத்து அச்சடிக்கும் சிறிய அச்சகம் நடத்தியவர். ஆப்செட் அச்சு பரவியபின் வேலை குன்றி, அவ்வாண்டு அதனை மூடிவிட்டார். எழுத்துகளையெல்லாம் உருக்கிப் பதினொரு பாளங்களாக வார்த்து வைத்திருந்தார்.

“ஐயா, பழைய சாமான் கடைக்காரர் இது வெறும் காரீயம் என்கிறார். அப்பா இல்லை என்கிறார். எப்படி மெய்ப்பிப்பது?” என்று கேட்டான்.

பாளத்தின் முகத்தில் ஒரு வார்ப்பகத்தின் பெயர் புடைத்திருந்தது. அதனைக் கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது. அப்பெயர் வார்ப்பச்சில் வெட்டப்பட்டிருப்பது. அந்த அச்சில் எதனை ஊற்றினாலும் அதுவே பதியும். நிறமும் உதவாது. காரீயமும் அதன் கலவைகளும் காற்றுப் பட்டால் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம் பூணும்.

முதலில் நகத்தால் கீறினோம். தூய காரீயத்தில் நகம் பதியும், இதில் பதியவில்லை. பிறகு மூலையில் சுத்தியலால் அடித்தேன். காரீயமாயின் நசுங்கியிருக்கும். இதுவோ ‘டக்’கென்று உடைந்தது, உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியைப்போல் மணிமணியாக மின்னியது. ஆண்டிமனி கலந்த ஈயத்தின் இயல்பு அது.

உடைந்த துண்டை நூலில் கட்டிப் பௌதிகத் தராசில் நிறுத்தோம். காற்றில் 206 கிராம். நீரில் மூழ்கியிருக்கையில் 186 கிராம். இழந்த எடை 20 கிராம். ஆகவே ஒப்படர்த்தி 10.3. தூய காரீயத்தின் ஒப்படர்த்தி 11.34, அதுவாக இருந்தால் 18 கிராமுக்குச் சற்றே மிகுதியாகத்தான் இழந்திருக்கும். அந்த இரண்டு கிராமுக்குக் குறைவான வேறுபாட்டைக் கண்டபோது பையனின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆர்க்கிமிடீசு தத்துவத்தைப் பல ஆண்டுகளாக நான் கற்பித்து வந்திருந்தேன். ஒரு வீட்டின் வரவு அதனைச் சார்ந்து நின்றது அன்றுதான்.

ஒப்படர்த்தி ஒன்றே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த ஈயமும் ஏறக்குறைய இதே எண்ணைத் தரும். ஆனால் அது வளையும், உடையாது. எடையும் உடைவும் சேர்ந்தே சான்றாகின்றன. வரிவரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்திற்குரிய கலவையில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் இருப்பது வழக்கம். காரீயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும். இக்கலவை 240 பாகை அளவிலேயே உருகும். உறையும்போது சுருங்குவதும் குறைவு. ஆதலால் எழுத்தின் முனை கூர்மையாக விழும்.

துப்பாக்கிக் குண்டு வார்ப்போருக்கும் இதே ஆராய்ச்சி உண்டு. 1776ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கவிழ்த்தனர். அதன் துண்டுகள் கனெக்டிகட்டிலுள்ள லிட்ச்ஃபீல்டு என்னும் ஊரில் 42,088 குண்டுகளாக வார்க்கப்பட்டன எனக் கணக்கு உள்ளது. அக்காலத் துப்பாக்கிக்கு மெல்லிய ஈயமே ஏற்றது. குண்டின் வேகம் மிகுந்த பிற்காலத் துப்பாக்கிகளில் மெல்லிய ஈயம் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். கடினமான கலவை வேண்டியதாயிற்று. பிரினெல் அளவையில் தூய காரீயத்தின் கடினம் 5. லைனோடைப் கலவைக்கு 22 அளவில் வரும். ஆகவே, பொழுதுபோக்காகக் குண்டு வார்க்கும் அமெரிக்கர் பழைய அச்சக உலோகத்தைத் தேடி வாங்குகின்றனர். ஓவியப் பென்சில்களை மெல்லியதிலிருந்து வரிசையாக உரசி, எது முதலில் கீறுகிறது என்று பார்த்து மதிப்பிடுவோரும் அவர்களுள் உண்டு. எளிய முறைதான், குறை சொல்வதற்கில்லை.

நீங்கள் ஈயத்தை உருக்கிப் பார்க்க வேண்டா. அதன் தூசியும் புகையும் உடலில் தங்கும் நஞ்சு. ஒரு துளி நீர் பட்டால் உருகிய ஈயம் தெறிக்கும். பழைய மின்கலத் தகடுகளைத் தொடவே கூடாது. நிறுத்துப் பார்த்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

பையனின் தந்தையார் அப்பாளங்களைக் கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. வேறோர் ஊரில் அப்போதும் எழுத்து வார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அச்சு உலோகத்திற்குரிய விலையில் பத்துப் பாளங்களை எடுத்துக்கொண்டார். பதினொன்றாவது திரும்பி வந்தது. அதில் பெரும்பகுதி துத்தநாகம்! படம் அச்சிட உதவும் துத்தநாக பிளாக்குகள் சில, எழுத்துகளோடு உலையில் விழுந்திருக்கின்றன. துத்தநாகம் ஈயத்தோடு எளிதில் கலவாது; மேலே மிதக்கும்; கடைசிப் பாளம் அவ்வாறு மிதந்ததை அள்ளி வார்த்தது. பாளங்கள் ஒரே அளவின அல்ல. ஆதலால் அதன் எடைக் குறைவு கைக்குப் புலப்படவில்லை.

ஒன்றை மட்டும் நிறுத்துவிட்டுப் பதினொன்றுக்கும் நான் சொல் கொடுத்திருந்தேன். மறுநாள் அப்பாளத்தின்மேல் ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டேன். குமிழிகள் பொங்கி எழுந்தன. பையன் என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் தராசை எடுத்துவரச் சென்றான்.