மெல்ல வளரும் மரம்



சவுக்கு மரத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதன் பசிய இழைகள் ஊசிபோல் நீண்டு தொங்குகின்றன. காய்களோ சிறு கூம்புகளைப் போல இருக்கின்றன. ஆகவே அதனை ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் சவுக்கு, பூத்துக் காய்க்கும் மரமாகும். நாம் இலை என்று கருதுபவை பசிய குச்சிகளே. இலைகள் அவற்றின் கணுக்களில் நுண்ணிய செதில்களாக ஒடுங்கியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறான மரம் ஒன்று நம் தென்மலைகளில் உண்டு. அதன் இலை அகன்றது. ஆயினும் அது ஊசியிலை மரங்களின் சுற்றத்தைச் சேர்ந்தது! நிறம்பாலி என்று அதனை வழங்குவர். தாவர நூலார் இட்ட பெயர் நாகியா வாலிச்சியானா. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய நத்தானியல் வாலிச் என்ற டென்மார்க்கு நாட்டு அறிஞரின் நினைவு அப்பெயரில் நிற்கிறது.

உதகையிலும் கோடைக்கானலிலும் காணும் பைன், சைப்ரஸ் முதலியவை வெளியிலிருந்து கொணர்ந்து நட்டவை. தென்னிந்தியாவில் இயற்கையாகவே வளரும் ஊசியிலை இனமோ நிறம்பாலி ஒன்றுதான். அகத்தியமலை முதலிய மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாக அது நிற்கிறது. அசாம், பர்மா, மலேயா தொடங்கி நியூகினி வரையிலும் அதன் சுற்றம் பரவியுள்ளது.

அதை இனங்காண்பது எங்ஙனம்? மாவிலையின் நடுவே ஓடும் தண்டு நரம்பு இதில் இல்லை. அடி முதல் நுனி வரை பல நரம்புகள் இணையாக ஓடுகின்றன. பூவும் இல்லை. சூற்பைக்குள் மறையாமல் விதை வெளிப்பட உருவாகிறது.

இத்தகைய அரிய மரத்தைப் பெருக்குவது எளிதா? முதல் தடை, ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பது. பனையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆண்பனையில் நுங்கு வெட்டுவார் உண்டோ? பெண் நிறம்பாலிக்குக் காற்றுவழி மகரந்தம் வந்து சேர வேண்டும். காடு துண்டுபட்டு மரங்கள் தொலைவில் தனித்துப்போனால், மரம் உயிரோடு நின்றும் வழித்தோன்றல் இல்லாமற் போகும்.

இரண்டாவது, விதையின் ஆயுள். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தருமபுரிப் பக்கத்துப் பள்ளித் தோட்டத்தில் மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்துவது என் வழக்கம். ஆடியில் உதிர்ந்த வேப்பங்கொட்டையை உடனே ஒரு பாத்தியிலும், பல மாதம் பானையில் கிடந்ததை வேறொரு பாத்தியிலும் விதைப்போம். முன்னது முளைக்கும், பின்னது மண்ணோடு மண்ணாகும். புளியங்கொட்டையோ ஓராண்டு கிடந்தாலும் முளைக்கும். விதைகளில் காத்திருப்பவையும் உண்டு, காத்திராதவையும் உண்டு. மழைக்காட்டு மர விதைகள் பல காத்திராதவை. நிறம்பாலி விதையையும் உலர விடாது, புதிதாக இருக்கும்போதே நிழற்பாத்தியில் விதைப்பதுதான் தக்கது. அதன் குலத்து வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் நுண்பூசணம் வாழ்ந்து மண்ணிலுள்ள சத்தை மரத்துக்கு ஈட்டித் தருகிறது. எனவே காட்டு இலைமக்கு கலந்த மண் நாற்றுக்கு நன்மை செய்யும்.

விதை கிட்டாதபோது கிளைக் குச்சியை வெட்டி, வேரூக்கும் மருந்தில் தோய்த்து நடுவது மற்றொரு வழி. இதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே பெண்மரத்தின் குச்சிகளால் நூறு கன்றுகள் செய்தாலும் நூறும் பெண்ணே, குணமும் ஒன்றே. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒருங்கே விழக்கூடும். பல மரங்களிலிருந்து, இருபாலினின்றும் எடுத்தால்தான் அது காடாகும். அரோகேரியா போன்ற சில மரங்களில் பக்கக் கிளையை நட்டால், கன்று நிமிராது பக்கவாட்டிலேயே படரும்!

ஆஸ்திரேலிய நாட்டில் 1994ஆம் ஆண்டு டேவிட் நோபிள் என்பவர் ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் வொலமி பைன் மரங்களைக் கண்டார். முதிர்ந்தவை நூற்றுக்கும் குறைவு. அந்நாட்டார் இடத்தை மறைத்து வைத்தனர். காலணியில் ஒட்டிய மண்ணோடு நோய் புகக்கூடாதல்லவா? விதையாலும் குச்சியாலும் கன்றுகள் பெருக்கிப் பல நாட்டுத் தோட்டங்களுக்கும் அளித்தனர். 2019-20இல் பெருந்தீ மூண்டபோது, தீயணைப்போர் தாய்மரங்களைப் பெரும்பாடுபட்டுக் காத்தனர். தோட்டத்துக் கன்று காப்பீடு போன்றது; காடே முதல். இரண்டையும் பேணியதே அவர்களுடைய அறிவுடைமை.

அங்ஙனமாயின் தருமபுரியில் நிறம்பாலியை நடலாமா என்று கேட்பீர்கள். வேண்டா. மழைமலையின் பிள்ளை நம் வறண்ட சமவெளியில் வாடும். காப்புக்காட்டில் விதை பொறுக்குவதும் நமக்கு உரிய செயலன்று. அது வனத்துறையும் ஆய்வாளரும் முறைப்படி செய்ய வேண்டியது. நம் கடமை வேறு. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் நமக்கே உரிய மரங்கள் இருக்கின்றன. எது எந்தத் திங்களில் காய்க்கிறது, எதன் விதை எத்தனை நாள் உயிர்தாங்குகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒரு மரத்தின் பழக்கத்தை அறிய ஓராண்டு போதாது. பல ஆண்டு வேண்டும். உங்கள் குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவர் தொடரட்டும்.

மெல்ல வளரும் மரத்தை நடுபவன் அதன் முதிர்ச்சியைக் காண்பதில்லை. ஆயினும் யாரோ ஒருவர் நட வேண்டும். யாரோ ஒருவர் நீர் ஊற்ற வேண்டும். கல்வியும் அத்தகையதே.