நாயும் பூனையும் என்ன சாப்பிடுகின்றன? – மாநாட்டுத் தலைமை உரை



1980களில் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவமனைக்கு இதயம் விரிந்த பூனைகள் வந்தபடியே இருந்தன. தசை தளர்ந்து, நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அந்தப் பூனைகளைக் காப்பாற்றுவது அரிதாக இருந்தது. காரணமும் தெரியவில்லை. அங்கே இதய நோய்ப் பிரிவில் பணியாற்றிய பால் பியான், நோயுற்ற பூனைகளின் இரத்தத்தில் டாரின் என்ற அமினோ அமிலம் மிகவும் குறைந்திருப்பதைக் கவனித்தார். மார்க் கிட்டில்சன், ஊட்டவியல் அறிஞர்களான குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மோரிஸ் ஆகியோருடன் சேர்ந்து 1987இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் முடிவுகளை வெளியிட்டார். கடையில் வாங்கிய பூனை உணவையே தின்று வளர்ந்த 21 பூனைகளிடம் இந்தக் குறையும் இதயத் தளர்ச்சியும் சேர்ந்தே காணப்பட்டன. டாரினை வாய்வழியாகக் கொடுத்தபோது, தளர்ந்த இதயம் பழையபடி சுருங்கி விரியத் தொடங்கியது.

டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இலேயே தெரிந்த செய்தி. அது கண்ணிலிருந்து இதயத்துக்குப் போய்ச்சேர 12 ஆண்டுகள் பிடித்தன. உற்பத்தியாளர்கள் டாரின் அளவைக் கூட்டிய பிறகு இந்த வகை இதய நோய் பூனைகளிடம் வெகுவாகக் குறைந்துபோனது. மருந்துச் சீட்டால் தீராத ஒரு நோய், உணவுக் கலவையை மாற்றியதால் தீர்ந்தது. இந்த மாநாட்டின் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வரலாறு வேறில்லை.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்விக்கு நூற்றாண்டு கடந்த மரபு உண்டு. சென்னைக் கல்லூரி 1903இல் தொடங்கியது. கறவை மாட்டின் தீவனத்துக்கும் பாலின் அளவுக்கும் உள்ள கணக்கு இங்கே எந்த மாணவருக்கும் மனப்பாடம். ஆனால் அது உற்பத்திக்கான ஊட்டவியல். வீட்டு நாயிடம் எவரும் லிட்டர் கணக்கு கேட்பதில்லை. அது நோயில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. அதற்கான கணக்கு வேறு.

அந்தக் கணக்குக்கு ஒரு சான்று உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட காலமும் தள்ளிப்போனது. நாய் உணவு விற்கும் நிறுவனமே நடத்திய ஆய்வில் ‘குறைத்துப் போடுங்கள்’ என்ற முடிவு வந்தது என்பதால் இதற்கு எடை கூடுகிறது.

இனி நம் ஊர்த் தட்டுக்கு வருவோம். பால் சாதமும் தயிர் சாதமும் உண்டு வளரும் பெரிய இன நாய்க்குட்டிக்குப் புரதம் போதாது. பாசத்தோடு வெறும் கோழிக்கறியை மட்டும் போடும் வீடுகளில் சிக்கல் வேறு. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கால் வளையும், மெல்லிய அடியில் எலும்பு முறியும். எக்ஸ்ரேயில் முறிவைப் பார்த்துக் கட்டுப்போடும் மருத்துவர், தட்டைப் பற்றிக் கேட்காவிட்டால் அடுத்த முறிவையும் அவரே பார்ப்பார். மிச்சமான பிரியாணியிலும் குழம்பிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பூனையைச் சிறிய நாயாக நினைப்பதே பல தவறுகளின் வேர். காரட்டில் உள்ள நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்ற அதன் உடலால் முடியாது; இறைச்சி இல்லாமல் அது நலமாக வாழ்வதும் இயலாது. பச்சை மீனை மட்டுமே போட்டால், சில மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினைச் சிதைத்து வலிப்பு வரை கொண்டுபோகும். பருமனான பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்று காத்திருப்பது அங்கே சிகிச்சையாகாது.

உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், வலி ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது பரிசோதனையாக ஊட்ட மதிப்பீட்டை வைத்தது. எடை, ஒன்பது புள்ளி உடல்நிலை மதிப்பெண், தசை நிலை, உணவு வரலாறு என இதற்கு வேண்டியவை எளிய கருவிகள்தாம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நான்கு கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும்: என்ன உணவு, எவ்வளவு, யார் யார் போடுகிறார்கள், இடையில் பிஸ்கட் எத்தனை?

ஆய்வு முடிவுகளைக் கையாளும்போது நிதானமும் தேவை. 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு மிகுந்த தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதய விரிவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கேட்டுவரும் உரிமையாளரிடம் அதை அப்படியே சொல்வதுதான் நேர்மை.

இன்று பிற்பகல் அமர்வு, தமிழில் ஒரு பக்க உணவு வரலாற்றுப் படிவத்தை வரைந்து முடிக்க வேண்டும். சாதம், இட்லி, கருவாடு, பால், கடைப் பிஸ்கட் எல்லாம் அதில் பெயரோடு இடம்பெறட்டும். படிவம் கையெழுத்துப் படியாக இருந்தாலும் போதும், நாளைக் காலைப் புறநோயாளிப் பிரிவிலேயே பயன்படுத்திப் பார்த்துவிடலாம். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.