சுகம் என்பது எதுவரை?



சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பொத்தேரிக்கு வந்ததும் கூட்டம் குறைந்துவிடும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும், பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கப் போகிறவர்களும் இங்கேயே இறங்கிவிடுவார்கள். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் பரனூர் வரும். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் உள்ள ஊர். அதைத் தாண்டினால் செங்கல்பட்டு. ஊரை ஒட்டித் திருமணி. அந்தத் திருமணியில் 1947-இல் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. கிறிஸ்தவச் சபைகளில் சுகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுகமளிக்கும் கூட்டம். மேடை, ஒலிபெருக்கி, எண்ணெய் பூசி ஜெபம், ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடந்தவருடைய சாட்சி. நடக்காதவரிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. அவர் வீடு திரும்பும்போது, ‘விசுவாசம் போதவில்லை’ என்ற பேச்சையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார். ஜெபிப்பது தவறில்லை, ஆறுதல் தேடி வந்தவர்மேல் பழியைப் போடுவதுதான் தவறு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டுமில்லை என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது.

இப்போது திருமணிக்கு வருவோம். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அதை நடத்தியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன், தோல் நோய் நிபுணர். சல்ஃபோன் மருந்துகளைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். அவரைப் பார்க்க வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

தோட்டத்தில் ஒரு நோயாளி செருப்பைக் கழற்றப் பாடுபடுவதைப் பிராண்ட் பார்த்தார். விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அந்த விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, ‘முடிந்த அளவு அழுத்துங்கள்’ என்றார். அழுத்திய அழுத்தில் நகங்கள் சதைக்குள் இறங்க, டாக்டருக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா?

பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தொழுநோய்க் கிருமி முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைக் கெடுக்கிறது. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிவிடுகின்றன. முன்கையின் பெரிய தசைகளில் பல நன்றாகவே இருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து விரல்களில் இணைத்தால் விரல் நிமிரும். தொழுநோயாளியின் சதை ஆறாது என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. புண் ஆறியது, விரலும் நிமிர்ந்தது.

விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்பதும் தெரிந்தது. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தைக் கையால் பிடிக்கிறார்கள், சுடுவது தெரிவதில்லை. தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. அதனால் வேலூரில் நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தார்கள். சிரிப்பாக இருக்கலாம், அந்தப் பூனை காப்பாற்றிய விரல்கள் நிஜம்.

ஆனால் கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்களில் சிலர் பழையபடி வேலூருக்கே திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் பிச்சை விழவில்லை. தழும்பைப் பார்த்துவிட்டு வேலையோ, தங்க இடமோ எவரும் தரவில்லை. அறுவை சிகிச்சை வெற்றி, ஆள் பட்டினி. அதன் பிறகுதான் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கப்பட்டது. அங்கே தச்சு வேலை முதலிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். சுகம் உடம்போடு முடிகிற காரியம் இல்லை என்று அந்தப் பட்டினி கற்றுக்கொடுத்தது. சுவிசேஷத்திலும் இயேசு குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கியதோடு நிறுத்தவில்லை. ஆசாரியனிடம் போய்க் காட்டு என்று அனுப்பினார். ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அன்றைக்கு அதுதான் வழி.

சரி, உடம்பு குணமாகவே இல்லையென்றால்? அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. பிறகு அவர் நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவருக்குச் சுகம் கிடைத்ததா இல்லையா? மேடையில் நின்று கேட்டால் இல்லை. அவர் கையால் விரல் நிமிர்ந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே ஆணித் தழும்புகளோடுதானே சீடர்கள் முன் வந்து நின்றார்!

இன்றைக்குத் தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் சாப்பிட்டால் போதும், முழுக்கக் குணமாகும். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தயங்காமல் போய்க் காட்டுங்கள். திருமணி மருத்துவமனை 1955-இல் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமாகிவிட்டது. சட்டமும் மாறியிருக்கிறது: தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவை 2019-இல் நீக்கினார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்கள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறார்கள்.

சட்டம் மாறிய அளவுக்குச் சபைகள் மாறியிருக்கின்றனவா? கோயில் வாசலில் ஐந்து படி வைத்துவிட்டு, உள்ளே நடக்க முடியாதவருக்காக உருக்கமாக ஜெபிக்கிறோம். படியோரம் ஒரு சாய்தளம் கட்ட அற்புதம் எதுவும் தேவையில்லை. கமிட்டி கூடி முடிவெடுத்தால் போதும். அடுத்த ஞாயிறு சுகத்துக்காக ஜெபிக்கும்போது, இவர் இங்கே எப்படி வந்து சேருகிறார், இவருக்கு வேலை கொடுக்க நம்மில் யார் இருக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.