சந்திரனில் எரிபொருள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது அடைந்த மகிழ்ச்சியை நாம் மறக்க இயலாது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பதில் நமக்குத் தனிப் பெருமையும் உண்டு. அதுமுதல் நம் பிள்ளைகள் ஒரு வினாவை எழுப்புகின்றனர்: "சந்திரனில் எரிபொருள் உண்டாமே! அதைக் கொண்டுவந்தால் மின்சாரத்திற்குக் குறைவே இராதன்றோ?"

பிள்ளைகள் கேள்வியுற்றது பொய்யன்று. அப்பொருளின் பெயர் ஹீலியம்-3. கதிரவனிடமிருந்து ஓயாது வீசும் துகள்களோடு அது வருகிறது. பூமியின் காந்தப் புலமும் காற்று மண்டலமும் அதனைத் தடுத்துவிடுகின்றன. காற்றில்லாச் சந்திரனிலோ, கோடானுகோடி ஆண்டுகளாக அது புழுதியில் பதிந்து வந்துள்ளது. அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை கொணர்ந்த மண்ணே இதற்குச் சான்று. அணுக்களைப் பிணைத்து ஆற்றல் பெறும் உலைக்கு இஃது உதவும் என்பர் விஞ்ஞானிகள்.

ஆயினும் கணக்கைச் சற்றே பார்ப்போம். நம் நாட்டு ஜாதுகுடாச் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவுக்கு ஒரு கிலோ யுரேனியங்கூடத் தேறுவதில்லை. சந்திரனின் ஒரு டன் புழுதியிலோ ஹீலியம்-3 ஏறத்தாழப் பத்து மில்லிகிராமே! ஒரு கிலோ பெற ஒரு லட்சம் டன் புழுதியை வாரி, சுமார் 700 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். அதன் பின்னரும், பிணைப்பு முறையால் ஊருக்கு மின்சாரம் வழங்கும் உலை உலகில் இன்னும் எங்கும் இல்லை.

புதையல் இருப்பது வேறு. விளக்கு எரிவது வேறு. ஹைதராபாத்தில் வாழும் நாம் இதனை நன்கு உணரலாம். யுரேனியத்தைத் தேடும் அணுக்கனிம இயக்ககத்தின் தலைமையிடம் நம் பேகம்பேட்டில் உள்ளது. கிடைத்த யுரேனியத்தை எரிபொருளாக்கும் தொழிலகம் 1971-இல் இந்நகரில் தோன்றியது. இங்கு உருவாகும் எரிபொருளே கல்பாக்கத்தில் மின்சாரமாகிறது. இடையே எத்தனை பேருடைய உழைப்பு!

நம் குமரிக் கரையையும் நினைவுகூர்வோம். தோரியம் பொதிந்த மோனசைட் மணல் அன்றைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் 1909-இல் கண்டறியப்பட்டது. மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறி, ஐரோப்பிய வாயு விளக்குகளின் மாண்டில்களுக்குப் பயன்பட்டது. மணல் நம்முடையது; வெளிச்சம் பிறருடையது! தோரியத்தை மின்சாரமாக்க ஹோமி பாபா 1954-இல் திட்டம் வகுத்தார். தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233-ஆல் இயங்கும் காமினி என்னும் சிற்றுலை, கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 30 கிலோவாட்டே. காலடி மணலுக்கே இத்துணைக் காலமாயின், சந்திரப் புழுதிக்கு எத்துணைக் காலமாகும்?

சந்திரனை எந்த நாடும் தனதாக்கலாகாது என்கிறது 1967-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தம். ஆனால் அங்கே தோண்டிய பொருள் யாருக்கு உரியது என்பதில் நாடுகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. அமெரிக்கா 2015-இல் இயற்றிய சட்டம், தோண்டியெடுத்த தன் குடிமக்களுக்கே அதனை உரிமையாக்குகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் கூறும் விடை இதுவே: சந்திரனை நம்பி இங்குள்ள மின்சாரத்தை வீணாக்காதீர்கள். பௌதிகம் பயிலுங்கள், உலோகத் தொழில் பயிலுங்கள், சட்டமும் பயிலுங்கள். மணவாளக்குறிச்சியில் நேர்ந்தது போல், பொருள் எங்கோ சென்றபின் விழித்துக்கொள்ளும் நிலை உங்களுக்கு நேரலாகாது. அவ்வுழைப்புக்கு உங்களை ஆயத்தம் செய்வது பெற்றோராகிய எங்கள் கடமை.