அறுபதை யார் எண்ணுவது?



வயது ஏற ஏற மரியாதை கூடும் என்பது ஊர்ப் பேச்சு. சேரிக்கு அந்தக் கணக்கு பொருந்தியதில்லை. பண்ணை வீட்டுச் சின்னப் பிள்ளைகள் பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், பாட்டி அவர்களை 'ஐயா' என்றதையும் 1992இல் 'கருக்கு'வில் பாமா எழுதினார். முதுமையின் வாழ்க்கைத் தரத்தை அளப்பவர்கள் மருந்து, உணவு, வீடு என்று பட்டியல் போடுகிறார்கள். அதில் மரியாதையையும் சேருங்கள் என்கிறோம் நாம்.

'ஓய்வு' என்பது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சொல். நாற்று நடும் பெண் ஓய்வு பெறுவதில்லை. இடுப்பு நிமிராமல் போன பிறகு அவளை நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் குப்பை அள்ளும் தொழிலாளிக்கும் கடைசி நாள் என்று ஒன்று கிடையாது. ஒருநாள் வேறு ஆள் வந்து நிற்பார்.

அரசுக்கு முதுமை 60இல் தொடங்குகிறது. இந்தியாவில் தலித் பெண் உயர்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறாள் என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை சொன்னது. அப்படியானால் 60 என்ற வரம்பு எல்லோருக்கும் பொதுவானதா? சிலருக்கு அது ஓய்வின் வாசல். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்த வயதைத் தொட்டவருக்கும் ஓஏபி பணம் எளிதில் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடமே போகாதவரிடம் வயதுச் சான்று கேட்கிறார்கள். வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஆதாரில் வேறொரு வயது. மகன் இருக்கிறான் என்று மனுவைத் தள்ளுகிறார்கள். அந்த மகனும் கூலிக்காரன்தான். தமிழ்நாட்டில் 2023இல் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய். அதில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான்.

இது கருணைத் தொகை அல்ல, கொடுக்காமல் விட்ட கூலியின் பாக்கி என்றே நாம் கேட்க வேண்டும். உடம்பைத் தேய்க்கும் தொழில்களுக்கு வயது வரம்பைக் குறைக்க வேண்டும். விலைவாசியோடு தொகையும் ஏற வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் மனு தள்ளப்பட்ட முதியவர்களின் பட்டியலை எடுங்கள். தள்ளியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டை அங்கிருந்து தொடங்கலாம். தாலுகா அலுவலகத்துக்கு அவர்களோடு நாமும் போவோம்.