பாத்தேன், ஆனா காணோம்: கண்ணுக்குத் தமிழ்ல எத்தனை வேலை?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு சின்ன வாக்கியத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். "பைக் சாவிய வீடு பூரா தேடிப் பாத்தேன், காணோம்." வாரத்துக்கு ஒரு தடவையாவது நம்ம வாயில வர்ற வாக்கியம்தான். இதுல கண்ணோட வேலையச் சொல்ற வினைச்சொல் ரெண்டு இருக்கு. ஒண்ணு 'பார்', இன்னொண்ணு 'காண்'. தமிழ்-ஆங்கில அகராதியப் புரட்டினா ரெண்டுக்கும் எதிர்ல 'சீ'ன்னு ஒரே சொல் உக்காந்திருக்கும். சரி, ரெண்டும் ஒண்ணுதான்னா, "தேடிக் கண்டேன், பாக்கோம்"னு ஏன் ஒருத்தரும் சொல்றதில்ல?

ஏன்னா ரெண்டும் ஒண்ணு இல்ல. 'பார்' நாம செய்யற வேலை. 'காண்' அந்த வேலைக்குக் கிடைக்கிற பலன். கண்ணைத் திருப்பறது, குனியறது, சோபாவுக்கு அடியில டார்ச் அடிக்கறது எல்லாம் பாக்கறது. சாவி கண்ணுல பட்டாத்தான் கண்டது. பாக்கறது நம்ம கையில இருக்கு, காணறது நம்ம கையில இல்ல. 'லுக்', 'சீ'ன்னு ஆங்கிலமும் இதைப் பிரிக்குது. பிலிப்பைன்ஸ்ல செபுவானோன்னு ஒரு மொழி இருக்கு. அதுலயும் வேணும்னு பாக்கறதுக்கு 'தான்-அவ்', கண்ணுல படறதுக்கு 'கிதா'. தூரத்துலேர்ந்து பாக்கறதுக்கு 'லந்தாவ்'னு தனியா ஒண்ணு வேற. கண் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். அதை எங்க வெட்டிப் பங்கு போடறதுன்னு ஒவ்வொரு மொழியும் தானா முடிவு பண்ணிக்குது.

இந்த 'காணோம்'ங்கறதக் கொஞ்சம் உத்துப் பாருங்க. 'செய்யோம்', 'போகோம்'னு பழைய தமிழ்ல ஒரு எதிர்மறை உண்டு. 'நாங்க செய்யல', 'நாங்க போகல'ன்னு அர்த்தம். அந்த வரிசைல வர்றதுதான் 'காணோம்'. 'நாங்க காணல'ன்னு அர்த்தம். மத்ததெல்லாம் பேச்சுலேர்ந்து பெரும்பாலும் போயிடுச்சு, இது நின்னுடுச்சு. அதனால நீங்க தனியா இருக்கும்போது, உங்க சாவிய நீங்களே தொலைச்சாலும், இலக்கணப்படி வீட்டுல இருக்கற எல்லாரையும் சேத்துக்கிட்டுத்தான் "காணோம்"ங்கறீங்க.

இன்னொரு வேடிக்கை. நம்ம ஊர்ப் பேச்சுல 'காண்' கிட்டத்தட்ட இல்லாததச் சொல்றதுக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கு. காணோம், காணல, கண்டுக்கல. "நேத்து அவரக் கண்டேன்"னு சென்னையில சொன்னா நாடக வசனமான்னு கேப்பாங்க. யாழ்ப்பாணத்துல "நேற்று உங்கட தம்பியைக் கண்டனான்"ங்கறது சாதாரணப் பேச்சு. மலையாளத்துல காணறதுக்கு 'காணுக', பாக்கறதுக்கு 'நோக்குக'. 'பார்க்குக'ன்னா அங்க குடியிருக்கறது! நம்ம கிட்ட பழைய 'காண்' நல்ல விஷயத்தோட ஒட்டியிருக்கற இடங்கள் கொஞ்சம்தான். கனவு காண்போம். பொங்கலுக்கு மறுநாளுக்கு மறுநாள் பெரியவங்களத் தேடிப் போய்க் கும்பிடறோமே, அது 'காணும் பொங்கல்'. 'பார்க்கும் பொங்கல்'னு யாரும் சொல்றதில்ல.

ஒரே ஊர், ரெண்டு பேர் கண்டது

'காண்' எவ்வளவு கனமான சொல்லுன்னு தெரியணும்னா திருவையாறு போகணும். தஞ்சாவூர்லேர்ந்து வடக்க சுமார் 12 கிலோமீட்டர், காவிரிக்கரை. ஊரச் சுத்தி நெல் வயல்.

7-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த அப்பர் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பெரியபுராணம் சொல்ற கதை இது. வயசான காலத்துல கயிலையப் பாக்கணும்னு கிளம்பறார். நடக்கறார், கால் தேயுது, தவழறார், கடைசில உருண்டுக்கிட்டே போறார். முடியல. அங்க இருக்கற குளத்துல மூழ்குன்னு உத்தரவு வருது. மூழ்கறார், எழுந்திருக்கறது திருவையாத்துக் குளத்துல. அங்கதான் கயிலைக் காட்சி கிடைக்குது. இன்னிக்கும் ஆடி அமாவாசை அன்னிக்குத் திருவையாறு கோயில்ல அந்தக் காட்சிய விழாவா நடத்தறாங்க.

அப்போ அவர் பாடினதா சொல்ற பதிகத்துல ஒவ்வொரு பாட்டும் 'கண்டேன்'ங்கற சொல்லோட முடியுது, 'பார்த்தேன்'னு இல்ல. என்ன கண்டார்? ஆண் யானையும் பெண் யானையும் சேந்து வருது. சேவலும் பெட்டையும் வருது. மயில் ஜோடியா வருது. நம்ம ஊர் வழியில தினமும் போற வர்ற ஜீவன்கள். நம்பறவங்களுக்கு இது அற்புதம். மொழிய மட்டும் பாக்கற நமக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு. இமயமலை வரைக்கும் நடந்தது 'பார்'. திருவையாத்துலயே கண் திறந்தது 'காண்'. அவ்வளவு தூரம் போன முயற்சிக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளிக்குத்தான் தமிழ் ரெண்டு சொல் வெச்சிருக்கு.

ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு அதே ஊர்ல, அதே காவிரிக்கரையில தியாகராஜர் இருந்தார். 1767-ல பொறந்து 1847-ல காலமானவர். அவர் பாடினது தெலுங்கு. பிலஹரி ராகத்துல அவர் கிருதி ஒண்ணு 'கனுகொண்டினி'ன்னு ஆரம்பிக்கும். ராமனக் கண்டுகொண்டேன்னு சொல்ற பாட்டு. நம்ம 'கண்டுகொள்'ளும் தெலுங்கு 'கனுகொனு'வும் ஒரே வேர்ல கிளைச்ச சொற்கள். ஒருத்தர் சைவர், ஒருத்தர் ராம பக்தர். மொழி வேற, காலம் வேற. கிடைச்ச அந்த நிமிஷத்தச் சொல்ல ரெண்டு பேருக்கும் கைகொடுத்தது ஒரே வேர்.

கொக்கு என்ன பாத்துச்சு?

சரி, 'பார்' பக்கம் வருவோம். எனக்குப் பிடிச்ச 'பார்' குறுந்தொகையில, கபிலர் பாடின 25-ஆம் பாட்டுல இருக்கு. ஒரு பொண்ணு தோழிகிட்ட சொல்றா: அவன் என்னோட சேந்தப்போ பக்கத்துல யாருமே இல்ல. நாளைக்கு அவன் இல்லன்னுட்டா நான் என்ன செய்வேன்? சாட்சின்னு பாத்தா ஒரே ஒரு கொக்கு இருந்துச்சு. அதுவும் ஓடற தண்ணியில ஆரல் மீனப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

கொக்குக்கு அங்க வர்ற வினை 'பார்'. நம்ம டெல்டாவுல நடவு வயல்ல ஒத்தக் கால்ல நிக்குமே, அதே நிலை. அசையாது. காத்திருக்கும். கண்ணு மொத்தமும் மீன் மேல. அந்தப் பொண்ணோட பயமே அதுதான். கொக்கு அங்கேயே இருந்துச்சு, கண்ணும் திறந்திருந்துச்சு. ஆனா அது பாத்தது மீன. எங்களக் கண்டுச்சான்னு எப்படிச் சொல்றது? இந்தப் பாட்ட ஆங்கிலத்துக்குக் கொண்டு போறவங்களுக்கு 'லுக்கிங் அட்' போதாது, 'வாட்சிங் ஃபார்' மாதிரி ஒண்ணு வேணும். ஏன்னா இந்தப் 'பார்'குள்ள காத்திருக்கறதும் இருக்கு. நம்ம 'எதிர்பார்'ல இருக்கறதும் அதே காத்திருத்தல்தான்.

இதே குணம்தான் 'பார்'ரை இவ்வளவு பெரிய சொல்லா ஆக்கியிருக்குன்னு நினைக்கறேன். யோசிச்சுப் பாருங்க. வேலை பாக்கறோம். வைத்தியம் பாக்கறாங்க, பிரசவம் பாக்கறாங்க. ஜாதகம் பாக்கறாங்க, நாள் பாக்கறாங்க. வியாபாரத்துல லாபம் பாக்கறாங்க. விவசாயி காலையில "வயலப் பாத்துட்டு வரேன்"னு கிளம்பறார். அவர் சீனரி ரசிக்கப் போகல. மடை சரியா இருக்கா, பயிர்ல பூச்சி இருக்கா, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு கவனிச்சு, வேணும்னா மண்வெட்டியும் பிடிச்சுட்டுத்தான் வருவார். இது எதுக்கும் 'சீ'ன்னு ஒரு சொல் போட்டா அர்த்தம் வராது. ஒவ்வொண்ணுக்கும் ஆங்கிலத்துல வேற வேற சொல் தேடணும்.

'சாப்பிட்டுப் பாரு', 'பேசிப் பாரு', 'கேட்டுப் பாரு'. இங்க கண்ணே கிடையாது! 'முயற்சி பண்ணு'ன்னு அர்த்தம். இதுல நாம தனி ஆள் இல்ல. இந்திக்காரங்க 'கர்கே தேகோ'ம்பாங்க. ஜப்பான்ல 'தபேதே மிரு'ன்னா சாப்பிட்டுப் பாருன்னு அர்த்தம், 'மிரு'ன்னா பாக்கறது. செஞ்சாத்தான் தெரியும்ங்கறத இத்தனை மொழியும் கண்ணு வழியா சொல்லுது.

நோக்கு எங்க போச்சு?

மூணாவதா 'நோக்கு'. பேச்சுலேர்ந்து கிட்டத்தட்ட போயிடுச்சு, பஸ் போர்டுலயும் செய்தியிலயும் 'தஞ்சையை நோக்கி'ன்னு உயிரோட இருக்கு. அதுலேர்ந்தே குணம் தெரியும்: இதுக்கு ஒரு திசை உண்டு. திசை மனசுக்குள்ள இருந்தா 'நோக்கம்'.

காதலுக்கு இந்தச் சொல்லத்தான் எடுத்துக்கிட்டாங்க. மிதிலையில ராமனும் சீதையும் ஒருத்தர ஒருத்தர் பாக்கற இடத்துல கம்பன் வெச்சது 'நோக்கு'. திருக்குறள் 110-ஆம் அதிகாரத்தோட முதல் குறள்ல, ஒரு நோக்கு நோய் குடுக்குது, இன்னொரு நோக்கு அதுக்கு மருந்தாகுது. தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேல. செய்யுளுக்கு அது சொல்ற 34 உறுப்புகள்ல ஒண்ணோட பேரே 'நோக்கு'. படிக்கறவன நிறுத்தி, திரும்பிப் பாக்க வைக்கற தன்மை.

கலைச்சொல் உண்டாக்கினவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சிருக்கு. டெலஸ்கோப் 'தொலைநோக்கி'. டெலிவிஷன் 'தொலைக்காட்சி'. ரெண்டுலயும் 'தொலை' ஒண்ணுதான். ஆனா டெலஸ்கோப்ப நாமதான் ஒரு நட்சத்திரம் பக்கம் திருப்பணும், அதனால நோக்கி. டிவி தானா வந்து காட்டும், அதனால காட்சி. யூடியூப்ல வர்ற 'வியூஸ்'ஸ நாம பார்வைகள்னு சொல்றோம். ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போன பத்து லட்சம் பேர்ல எத்தனை பேர் கண்டாங்க, எத்தனை பேர் நோக்கினாங்கன்னு அந்த எண் சொல்லாது.

யார யார் பாக்கறாங்க?

இப்ப கொஞ்சம் சங்கடமான பகுதி. பாக்கற சொல்லெல்லாம் நல்ல சொல் இல்ல.

'பொண்ணு பாக்கப் போறோம்'. இதுல யார் பாக்கறவங்க, யார் பாக்கப்படறவங்கன்னு வாக்கியமே முடிவு பண்ணிடுது. 'சாதி பாப்பாங்க'. சாதி கண்ணுக்குத் தெரியற பொருளா? இல்ல. ஆனா பேர்ல, தெருவுல, சாப்பாட்டுல, அப்பா என்ன வேலைங்கற கேள்வில அதைத் தேடித் தேடிப் பாக்கறாங்க. கண்ணுல தானா படாத ஒண்ண வேலை மெனக்கெட்டுப் பாக்கணும். அதனாலதான் அங்க 'காண்' வராது, 'பார்'தான் வரும். 'எங்க வீட்டுல அதெல்லாம் பாக்கறதில்ல'ன்னு யாராவது சொன்னா, அது வேணும்னு செஞ்சுக்கிட்டிருந்த ஒரு வேலைய நிறுத்தறதப் பத்தின பேச்சு.

அப்புறம் 'கண்காணி'. கண், காண் ரெண்டும் சேந்த சொல். சோழர் கல்வெட்டுலயே மேற்பார்வைக்கு இந்தச் சொல் வருது. 19-ஆம் நூற்றாண்டுல இதே சொல் 'கங்காணி'யா மாறிக் கப்பல் ஏறிடுச்சு. இலங்கையோட காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ் ஆட்களக் கூட்டிக்கிட்டுப் போய், முன்பணக் கடன்ல கட்டி வெச்சு, வேலை வாங்கின ஆள் கங்காணி. நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்குக்குக் கப்பல் போன காலம் அது. ஆங்கிலேயர்களும் 'கங்கானி'ன்னே எழுதிக்கிட்டாங்க. 'ஓவர்சியர்'னு அவங்க கிட்ட சொல் இருந்தும் இது அப்படியே நின்னுச்சு. இன்னிக்கு அதே சொல் கண்காணிப்பு கேமராவுல இருக்கு.

இதுக்கு நேர் எதிர்ல நிக்கற சொல் 'பாத்துக்கோ'. 'பார்' கூட 'கொள்' சேந்தா, பாக்கறதோட பொறுப்பும் நம்ம மேல வந்துடும். "தம்பிய பாத்துக்கோ." "வீட்டப் பாத்துக்கோங்க." ஆனா 'காண்' கூட அதே 'கொள்' சேந்தா, பேச்சுல பெரும்பாலும் இல்லங்கறதோடதான் வருது: "கண்டுக்காத", "கண்டுக்கவே மாட்டேங்கறான்". ரோட்டுல ஆக்சிடென்ட் ஆனா கூட்டம் நின்னு செய்யறது 'வேடிக்கை பாக்கறது'. ஒருத்தர் இறங்கி ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினா அவர் 'பாத்துக்கறார்'. ரெண்டுமே 'பார்'தான்.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கற நிறைய பேர் சென்னையில, பெங்களூர்ல, சிங்கப்பூர்ல இருக்கீங்க. அம்மா அப்பா தஞ்சாவூர்ப் பக்கமோ வேற ஊர்லயோ இருப்பாங்க. வீடியோ கால்ல தினம் பாக்கறோம். "அப்பாவ யாரு பாத்துக்கறா?"ன்னு ஊர்ல ஒருத்தர் கேட்டா மட்டும் நாக்கு கொஞ்சம் தடுமாறும். லொக்கேஷன் ஷேர் பண்ணச் சொல்றப்ப, அது பாத்துக்கறதா, கண்காணிக்கறதான்னு சொல்றவங்களுக்கே சில நேரம் தெரியாது. இதுக்கு என் கிட்ட ரெடிமேட் பதில் இல்ல. ஆனா கேள்வி சரியா விழணும்னா சரியான சொல் வேணும். அந்தச் சொல் நம்ம மொழில ஏற்கெனவே இருக்கு.

உங்க ஊர்ப் பேச்சுல 'காண்', 'நோக்கு' இன்னும் உயிரோட இருந்தா, ஒரு வாய்ஸ் மெசேஜ்ல வாக்கியமாவே சொல்லி அனுப்புங்க. நாகர்கோவில், மட்டக்களப்பு, கோலாலம்பூர், எங்கிருந்தாலும் சரி. வந்ததத் தொகுத்து ஒரு எபிசோட் பண்ணலாம்.

அதுவரைக்கும், பாத்துப் போங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.