வாணியனுக்குக் கொடுப்பது



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. செக்கில் எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்துத் தருபவர் வாணியர். அவரிடம் நல்ல எண்ணெய் வாங்கி, அளவாக உண்டும் உடம்பில் தேய்த்தும் வந்தால் வைத்தியர் வீட்டுப் படியை அடிக்கடி மிதிக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. ஊரில் இருந்தவரையில் இதைப் பற்றி நாம் ஆராய நேர்ந்ததில்லை. வாணியர் அடுத்த தெருவிலேயே இருந்தார். எள்ளும் கண்ணெதிரே ஆட்டப்பட்டது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறிவிட்ட நமக்கு இன்று அந்த நிலை இல்லை. கடையில் அடுக்கியிருக்கும் இருபது வகைப் புட்டிகளில் எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் விடை காண வேண்டிய கேள்வியாகிவிட்டது. முன்னோர் உண்ட கொழுப்புப் பொருள்களில் எவை இன்றும் நமக்கு ஏற்றவை என்பதைச் சிறிது சிந்திப்போம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. 'நெய்' என்பது பண்டைத் தமிழில் கொழுப்புப் பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயர். தெலுங்கின் 'நூனெ' என்ற சொல்லும் எள்ளிலிருந்தே பிறந்தது. வடமொழியில் எள்ளுக்குத் 'திலம்' என்று பெயர். அதிலிருந்து 'தைலம்' வந்தது. அதுவே இந்தியிலும் வங்காளியிலும் 'தேல்' ஆயிற்று. ஆகவே நாம் 'தேங்காய் எண்ணெய்' என்னும்போதும், அண்டை வீட்டார் 'சர்ஸோங் கா தேல்' என்னும்போதும் இரு திறத்தாரும் நம்மை அறியாமல் எள்ளையே நினைவுகூர்கிறோம். அரப்பா அகழ்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. வடக்கு, தெற்கு என்ற வேறுபாடு இல்லாமல் பாரத நாடு முழுவதற்கும் எள் பழைய உறவு என்பதற்கு இவை சான்றுகள்.

எள்ளுக்கு இந்தச் சிறப்பு ஏன் வந்தது? நல்லெண்ணெயில் செசமோலின் போன்ற இயற்கைப் பொருள்கள் உள்ளன. இவை எண்ணெய் விரைவில் காறிப்போகாமல் காக்கின்றன. குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் ஆண்டு முழுவதும் ஊறுகாயைக் காத்தது இந்தக் குணமே. நெய்யின் கதையும் இதுதான். வெண்ணெயில் உள்ள நீர் வற்றும்படி உருக்கிவிட்டால், இரண்டொரு நாளில் கெடக்கூடிய பொருள் பல மாதங்கள் நிற்கிறது. வங்காளத்தில் கடுகும், கேரளத்தில் தேங்காயும் விளைந்தன. அவரவர் நிலத்தில் விளைந்ததையும் கெடாமல் நின்றதையும் அவரவர் உண்டனர். இதில் மந்திரம் ஏதுமில்லை. நீண்டநாள் அனுபவமே உண்டு. மேலும், பழமை என்று நாம் கருதுவன எல்லாம் பழையவை அல்ல. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்; அது தென்னார்க்காட்டில் பெருகியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

"நம் பாட்டனார் நெய்யை வாரி வாரி உண்டார், அவருக்கு மாரடைப்பு வந்ததா?" என்று கேட்போர் உண்டு. இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கூற வேண்டும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழந்தை மரணமும் தொற்றுநோயும் பஞ்சமும் அதைக் குறைத்தன. மாரடைப்பு வரும் வயதை எட்டாமலே பலர் மறைந்தனர். நெய்யை வாரி உண்டவரும் சிலரே. பலருடைய இலையில் அது பண்டிகை நாளில் மட்டும் விழுந்தது. அந்தச் சிலரும் நடந்தே ஊர் சென்றனர். கிணற்றில் நீர் இறைத்தனர். அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் நாம் அவர்களுடைய நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டு, உழைப்பை விட்டுவிடுவது முறையாகாது.

ஆயினும் மறுபக்கமும் கூறுவேன். 1967-இல் ரயில்வே மருத்துவ அதிகாரி எஸ். எல். மல்ஹோத்ரா ஓர் ஆய்வை வெளியிட்டார். நாடு முழுவதிலும் உள்ள ரயில்வே ஊழியரிடையே இதய நோயை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வடநாட்டாரைவிடத் தென்னாட்டாரிடம் அந்நோய் சுமார் ஏழு மடங்கு மிகுந்திருந்தது. ஆனால் பாலும் நெய்யுமாகக் கொழுப்பைப் பன்மடங்கு மிகுதியாக உண்டவர்கள் வடநாட்டாரே! இதைக் கொண்டு நெய் இதயத்தைக் காக்கிறது என்று தீர்ப்புக் கூறிவிட முடியாது. உணவு, உழைப்பு, பழக்கவழக்கம் ஆகிய பலவும் இரு பகுதியிலும் வேறானவை. ஆனால் கொழுப்பு ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போதாது என்பதை அந்த ஆய்வு உணர்த்திற்று.

கொழுப்பின் வகையை அறிய ஓர் எளிய வழி தில்லிக் குளிர்காலத்தில் நமக்குக் கிடைக்கிறது. மார்கழியில் தேங்காயெண்ணெய் கல்லாக உறைகிறது, நெய்யும் உறைகிறது, நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் இளகியே நிற்கின்றன. உறைவனவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு. நெய்யில் 60-க்கு மேல். நல்லெண்ணெயில் சுமார் 15. ஒருவர் பெறும் உணவுச் சக்தியில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 8 அல்லது 9 கிராம் வந்துவிடும். எஞ்சியதைத் தயிரும் காப்பியும் தேங்காய்ச் சட்டினியும் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே பருப்புச் சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு குழிக்கரண்டிக்கு இடமும் இல்லை.

இயற்கையாக உறையும் கொழுப்பு ஒருபுறமிருக்க, இளகிய எண்ணெயைச் செயற்கையாக உறையச் செய்ததும் உண்டு. 1902-இல் ஜெர்மானியரான நார்மன், எண்ணெயுடன் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அம்முறையில் செய்த வனஸ்பதி நெய்யின் தோற்றத்தோடு நம் நாட்டிலும் பரவிற்று. 'டால்டா' 1937-இல் வந்தது. நெய்யில் அதைக் கலந்து விற்போரைப் பிடிக்க அரசாங்கம் ஓர் உபாயம் செய்தது: வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்தால் நல்லெண்ணெய் செந்நிறம் காட்டும். கலப்பட நெய்யின் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் எள் காவலர் வேலையும் பார்த்திருக்கிறது! ஆனால் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது பிறக்கும் 'டிரான்ஸ்' கொழுப்பு தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கிறது என்பது பிற்பாடே தெளிவாயிற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் அளவை 2021-இல் நூற்றுக்கு 3 என்றும், 2022-இல் 2 என்றும் வரையறுத்தது. நெய்யைப் போல் தோன்றியதால் அதை நெய்யாகவே கொண்டாடிய இல்லங்கள் இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ.

கலப்படத்தின் கொடுமையைத் தில்லி 1998-இல் கண்டது. கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. அதை உண்டவர்களின் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறிற்று, அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குற்றம் கடுகினுடையதன்று. விற்றவரை அறியாமல் வாங்கும் காலத்தில், முத்திரையிட்ட புட்டியும் அதன்மேல் அச்சிட்ட உரிம எண்ணும் நாளும் நமக்கு வாணியரின் முகத்திற்கு ஈடாக நிற்கின்றன. அவற்றைப் படிக்காமல் வாங்கலாகாது.

வெளியூரில் வாழும் குடும்பத்தார் செய்யத்தக்கவை சில. வடநாட்டுக் கடைகளில் எள்ளெண்ணெய் என்று மலிவாகக் கிடைப்பதில் விளக்கேற்ற மட்டும் உரியதும் உண்டு. உண்ணத் தக்கதா என்று புட்டியில் பார்த்தே வாங்க வேண்டும். கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நம் நல்லெண்ணெய் கிடைத்தால் புளிக்குழம்புக்கும் மிளகாய்ப்பொடிக்கும் வைத்துக்கொள்ளலாம். கிடைக்காத ஊரில் மனம் தளர வேண்டியதில்லை. கடுகெண்ணெயில் ஒமேகா-3 வகைக் கொழுப்பும் உண்டு. அந்த நாட்டுக் கீரையையும் கிழங்கையும் அந்த நாட்டு எண்ணெயில் சமைப்பது முன்னோர் காட்டிய நெறிக்கு மாறன்று. அப்பளமும் வடையும் பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்திற்கு வீட்டில் எத்தனை லிட்டர் செலவாகிறது என்று கணக்கெழுதி, அதைத் தலைக்கு வகுத்துப் பார்க்க வேண்டும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரியே.

பிள்ளைகள் கடுகெண்ணெயின் மணத்தோடு வளர்கிறார்கள். பெரியவர்கள் நல்லெண்ணெயின் மணத்திற்கு ஏங்குகிறார்கள். இரண்டிற்கும் ஒரே அடுக்களையில் இடம் உண்டு. அளவு மட்டும் நம் கையில் இருக்கட்டும்.